விரிவாக்கம் என்று சொன்னார்கள்

தலைமையகத்து அதிகாரிக்கு மொழிபெயர்க்க வெளியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று சொன்னபோது, அது என் நாத்தனாராக இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மேனேஜர் அறைக் கதவு திறந்தது. முதலில் அதிகாரி வந்தார். அவர் பின்னாலேயே, கழுத்தில் விருந்தினர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரின் அக்கா. காலையில்தான் எங்கள் அடுப்படியில் நின்று, "டீத்தூள் டப்பாவை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர். நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, 'என்ன அண்ணி, நீங்க இங்கே?' என்று புருவத்தாலேயே கேட்டேன். சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து மெஷின்காரி, "உங்க அண்ணி மாதிரியே இருக்காங்கல்ல?" என்றாள். "மாதிரியெல்லாம் இல்ல, அவங்களேதான்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தேன். இரண்டு முறை தவறிப்போயிற்று.

எங்களுடையது சூட்கேஸ் தொழிற்சாலை. விமான நிலையங்களில் கடகடவென்று இழுத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்தச் சக்கரப் பெட்டி. ஒரு ஹாலில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் பெட்டியின் வெளி ஓடு பிடிப்பார்கள். அடுத்த ஹாலில் நாங்கள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே போகிற லைனிங் துணியைத் தைப்போம். கடைசியில் சக்கரமும் கைப்பிடியும் மாட்டுகிற இடம். என் வீட்டுக்காரர் அங்கே. எங்கள் பெட்டி போகாத நாடு கிடையாது. நாங்கள்தான் எங்கேயும் போனதில்லை.

அண்ணிக்கு இரண்டு தொழில். பகலில் மொழிபெயர்ப்பு ஏஜென்சி கூப்பிடுகிற இடத்துக்குப் போவார். சாயந்திரம் ஒரு தனியார் கல்லூரியில் சர்வதேச வணிகத்தின் அடிப்படைகள் என்று ஒரு பாடம் எடுப்பார். எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார், சாப்பாடு எங்களோடு. மறுநாள் பாடத்தை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்ப்பது அவர் வழக்கம்.

"இப்ப பாரு," என்பார். "ஒரு வீட்டுல ரெண்டு பேர். ஒருத்தி சமையலும் நல்லா செய்வா, துணியும் நல்லா துவைப்பா. இன்னொருத்திக்கு ரெண்டுமே சுமார். ஆனாலும் வேலையைப் பிரிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்குமே லாபம். நாடுங்களும் அப்படித்தான்."

"பிரிச்சுக் குடுக்கிறது யாரு அண்ணி? அந்த வீட்டுல மாமியார்னு ஒருத்தி இருப்பாளே, அவளா?" என்று நான் கேட்பேன்.

அண்ணி சிரித்துவிடுவார். "அது அடுத்த பாடத்துல வரும், இரு."

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார். உலகமயமாதலுக்கு எங்கள் தெருவில் அவரைவிடப் பெரிய வக்கீல் இல்லை. "இந்தக் கம்பெனி இங்க வரலைன்னா நான் என்ன பண்ணிட்டு இருப்பேன்? எவனாவது கடை வாசல்ல நின்னு மூட்டை தூக்கிட்டு இருப்பேன். எந்த நாட்டுக்காரன் முதலாளியா இருந்தா நமக்கென்ன? வேலை குடுத்தான்ல?"

"குடுத்தவன் எடுத்துக்கிட்டா?" என்பார் அண்ணி.

"எதுக்குக்கா எடுக்கப்போறான்? நாமதான் நல்லா செய்யறோமே."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். நல்லா செய்கிறவனிடமிருந்து வேலை போகாது என்று மனப்பூர்வமாக நம்பினார். அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு அந்த ஒரு நம்பிக்கை போதும். போதுமாகத்தான் இருந்தது.

அன்று மதியம் கேன்டீனில் எல்லோரையும் கூட்டினார்கள். மேனேஜர் நாற்காலியின் மேல் ஏறாத குறையாக உற்சாகமாகப் பேசினார். கம்பெனி விரிவாகிறது, வேறொரு நாட்டிலும் தொழிற்சாலை திறக்கப்போகிறார்கள், அங்கே வேலைக்கு எடுத்திருக்கிற பெண்கள் நம்மிடம் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள், தலைமையகமே நம்மைத்தான் குருவாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தலைமையகத்து அதிகாரி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். எதற்கெடுத்தாலும் சிரிப்பார் என்பதால் அன்றைக்கே அவருக்குச் 'சிரிப்பு சார்' என்று பெயர் விழுந்தது. மேனேஜர் நம் மொழியில் பேசியதால் அண்ணிக்கு வேலை இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேன் நிறைய வந்த அந்தப் பெண்களை மெஷினுக்கு ஒருத்தியாக எங்கள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். என்னிடம் வந்தவள் நல்ல உயரம். மெஷினுக்கு அடியில் காலை மடக்க முடியாமல் தவித்தாள். நெட்டை என்று பெயர் வைத்தோம். அவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தலைமையகத்து மொழி தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. கையாலும் தலையாலும் பேசிக்கொண்டோம். லைனிங் துணியின் மூலையை எப்படி மடித்துத் திருப்புவது என்று காட்டினேன். நான்காவது முறையில் பிடித்துக்கொண்டாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பாதி அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு படத்தைக் காட்டினாள். பல் விழுந்த பெண் குழந்தை. நானும் என் மகள் படத்தைக் காட்டினேன்.

மறுநாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் நுழையும்போதே குரல் கேட்டது. "நான் இனிமே லைன் லீடர்டீ! மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. புது லைன் வருதாம், அதுக்கு நான்தான் பொறுப்பாம்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரம் அவருக்கு இன்னொரு வேலையும் வந்திருந்தது. அரசாங்க பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் வேலை. எப்போதோ எழுதிப் போட்டிருந்த விண்ணப்பம், கூப்பிட்டுவிட்டார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஓய்வு பெறுகிறவரை யாரும் அசைக்க முடியாது. வருவதா இல்லையா என்று அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும். வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சாப்பாட்டு மேசையில் அண்ணி தட்டைத் தொடவில்லை.

"டிப்போவுக்கே போயிடேன்டா," என்றார்.

"என்னக்கா நீ? வளரப்போற கம்பெனிய விட்டுட்டு ஓட்டை பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுக்கச் சொல்ற?"

"அது நிலையான வேலை."

"வகுப்புல வளர்ச்சி, வாய்ப்புன்னு பாடம் நடத்து. வீட்டுக்கு வந்தா பஸ் டிப்போவா?"

"நான் சொல்றதைக் கேளு. போயிடு."

"ஏன்? காரணம் சொல்லு."

அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். "காரணமெல்லாம் கேக்காத. அக்கா சொல்றேன்ல," என்றார்.

"அக்கா சொன்னான்னு வேலைய மாத்த நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, வாசலில் நின்று டிப்போவுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணி தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். தம்பி முன்னுக்கு வருவது இவருக்குப் பிடிக்கவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை மறுபடியும் கூட்டம். இந்த முறை சிரிப்பு சாரே பேச வந்தார். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் தொழிலாளிகளுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். அட்டைப்பெட்டிகளை ஒதுக்கி பேக்கிங் ஹாலில் இடம் செய்தோம். அவர் பக்கத்தில் அண்ணி, அண்ணிக்கு அந்தப் பக்கம் மேனேஜர். பயிற்சிக்கு வந்த பெண்களும் எங்களோடு கலந்து நின்றார்கள்.

சிரிப்பு சார் ஒரு வாக்கியம் சொல்வார், அண்ணி அதை நம் மொழியில் சொல்வார். வணக்கம், மகிழ்ச்சி, உங்கள் உழைப்பு என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவர் கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசினார். நெஞ்சில் கைவைத்துப் பேசினார். அவர் கண் கலங்கியதைக்கூடப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் மொழி தெரிந்த நெட்டை மட்டும் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

அவர் நிறுத்தினார். அண்ணி பேசவில்லை. மேனேஜர் அண்ணியின் காதருகே குனிந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றின்னு சொல்லி முடிங்க மேடம், அது போதும்," என்றார். முன் வரிசையில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

அண்ணி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, கல்லூரியில் பாடம் நடத்துகிற அதே தெளிவான குரலில் சொன்னார்:

"இந்தத் தொழிற்சாலையை மூடுறதுன்னு நாங்க எடுத்த முடிவு சுலபமான முடிவு இல்ல. உங்க இடத்துக்கு வரப்போறவங்க இவங்கதான்னு தெரிஞ்சும், கோபமே இல்லாம, உங்க வேலையை இவங்களுக்குக் கத்துக் குடுக்கறீங்க. என் வாழ்க்கையில இப்படிப்பட்ட பெரிய மனசை நான் பார்த்ததில்ல. உங்களுக்கு என் நன்றி."

மொழிபெயர்க்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்களாம். அவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அது எங்களுக்குத் தெரியுமா? எங்கள் வீட்டு மேசையில் சாப்பிடுகிற வாயிலிருந்து 'மூடுறதுன்னு நாங்க எடுத்த முடிவு' என்று வந்தது. ஓடு பிடிக்கிற ஹாலில் யாரோ அணைக்காமல் விட்டுவந்த காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினோம்.

சிரிப்பு சார் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைக் காணவில்லை. மேனேஜரிடம் ஏதோ கேட்டார். மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். தொழிலாளிகளுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது, அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று தலைமையகத்துக்கு இவர்தான் தகவல் அனுப்பியிருக்கிறார். நாங்கள் ஒத்துக்கொண்டோமாம்! எங்களைக் கேட்காமலேயே நாங்கள் பெரிய மனசுக்காரர்கள் ஆகியிருக்கிறோம். எங்கள் கையால் எங்கள் கழுத்தில் கயிறு மாட்டவைத்துவிட்டு, முடிச்சு அழகாக இருக்கிறது என்று பாராட்டவும் ஒருத்தர் விமானம் ஏறி வந்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் வீட்டுக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். மேனேஜரிடம் போகவில்லை. நேராக அவர் அக்கா எதிரில் போய் நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை," என்றார் அண்ணி. "வேலைக்கு வரும்போதே கையெழுத்து வாங்கிக்கிட்டாங்கடா. உள்ள கேக்கறதை வெளிய சொல்லமாட்டேன்னு. அதனாலதான் நேத்து..."

"நேத்து என் எதிர்ல உக்காந்திருந்த," என்றார். அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் டிப்போவுக்குப் போன் செய்தார். அந்த இடத்துக்குக் காலையிலேயே வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

நான் என் மெஷினுக்கு வந்தேன். நெட்டை தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, அந்த நாற்காலியை இழுத்துத் தள்ளினேன். அது சுவரில் மோதி விழுந்தது. "வெளிய போடி! என் சோத்தைத் தின்னுட்டு என் சோத்துலயே கை வைக்கிறியா?" என்று கத்தினேன். அவளுக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. அழவில்லை. என்னைவிட ஒரு தலை உயரமாக நின்று, அண்ணியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, தலைமையகத்து மொழியில் படபடவென்று பேசினாள். அண்ணி மெஷின்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"எங்களுக்கும் விரிவாக்கம்னுதான் சொன்னாங்க," என்றார் அண்ணி, அவள் குரலாக. "உங்களை அனுப்பிட்டுத்தான் எங்களை எடுக்கிறாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும். எங்க ஊர்ல மீன் பதப்படுத்துற ஆலை இருந்துச்சு. நாங்க எல்லாரும் அங்கதான் வேலை பார்த்தோம். வெளிநாட்டுலேருந்து மலிவா டப்பா மீன் வந்து இறங்குச்சு, ஆலைய மூடிட்டாங்க. ரெண்டு வருஷமா என் வீட்டுல யாருக்கும் வேலை இல்ல. இந்த வேலைய வேண்டாம்னு சொல்ல என்னால முடியாது. அதுக்காக நான் உங்க வேலையைத் திருட வரலை."

எனக்குப் பின்னால் பேக்கிங் அக்கா நின்றிருந்தார். தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற ஒரே ஆள் அவர். "ஏய், நமக்கும் ஆறேழு பொம்பளைங்க வந்து கத்துக் குடுத்தாங்கடி," என்றார் மெதுவாக. "ஆரம்பத்துல. வேற தேசத்துக்காரங்க. சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒருத்தி வருவா. கடைசி நாளைக்கு மெஷினைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதா. நம்மள விட்டுப் பிரியற துக்கம்னு நினைச்சு நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்."

அந்த ஸ்வெட்டர்காரியை எனக்கும் லேசாக ஞாபகம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவளுக்குக் கைதட்டி விடை கொடுத்தோம். கைதட்டினோம்! யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் வேலை வேண்டாம் என்றிருப்போமா? தெரியாது. ஆனால் கைதட்டியிருக்கமாட்டோம்.

கீழே கிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

எங்கள் தொழிற்சங்கத் தலைவர், நாங்கள் சங்கத்து அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஹாலின் நடுவில் நின்று குரல் கொடுத்தார். "யாரும் வெளிய போகாதீங்க. எல்லாரும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க. மெஷினை மட்டும் தொடாதீங்க." விடுமுறைக் காலத்துக்கான பெரிய ஆர்டர் பாதியில் நின்றது. கன்டெய்னர் லாரி வாசலில் காத்திருந்தது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. கம்பெனிக்கு எங்கள் கை இன்னும் கொஞ்ச நாளைக்குத் தேவை. எங்களிடம் மிச்சம் இருந்த ஒரே பிடி அதுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மேனேஜர் செய்த முதல் காரியம், அண்ணியின் கழுத்திலிருந்த அட்டையைப் பிடுங்கி, வெளியே போகச் சொன்னது. ஏஜென்சியில் சொல்லி வேறு ஆளை வரவழைத்தார். சாயந்திரம் கோட்டு போட்ட ஒருவர் வந்து பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்ததும் சங்கத்து அண்ணன் எழுந்துவிட்டார்.

"காலையில பேசின அம்மாதான் வரணும். இவரு நல்லவராவே இருக்கட்டும். எங்களுக்கு எதிரா இருக்கறதையும் மறைக்காம சொன்னாங்களே, அவங்க சொன்னாத்தான் நாங்க நம்புவோம்."

சிரிப்பு சாரும் அதையே கேட்டாராம். அவருக்கும் அதற்குள் மேனேஜர் மேல் நம்பிக்கை போயிருந்தது. மறுநாள் காலையில் அண்ணி திரும்பி வந்தார். பெண்கள் பக்கத்துக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். வாய் நீளம் என்று என்னைத் திட்டாத ஆள் அந்த ஹாலில் இல்லை. இப்போது அதே வாய் வேண்டியிருந்தது.

சிரிப்பு சார் விளக்கினார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். போட்டி கடுமையாகிவிட்டது, வாங்குகிறவர்கள் மலிவு கேட்கிறார்கள், கூலி குறைவான இடத்துக்குப் போகாவிட்டால் கம்பெனியே இருக்காது, இது தன் கையிலோ எங்கள் கையிலோ இல்லை, சந்தையின் முடிவு என்றார். அண்ணி எல்லாவற்றையும் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். அந்தப் பாடத்தையெல்லாம் எங்கள் மேசையில் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். மேசையில் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

"முடிவு எடுத்தது சந்தையா?" என்று கேட்டேன். "சரி, அந்தச் சந்தை எங்க உக்காந்திருக்குன்னு சொல்லுங்க. நான் போய்ப் பேசிக்கறேன். நாங்க நல்லா செஞ்சப்ப அது உங்க நிர்வாகத் திறமை. விருதெல்லாம் வாங்கினீங்க, போட்டோ மாட்டியிருக்கீங்க. எங்களை வெளிய தள்ளும்போது மட்டும் சந்தை வந்துடுதா? எங்க நுரையீரலுக்குள்ள போன பிளாஸ்டிக் புகை எந்தச் சந்தைக்குப் போய்ச் சேரும்?" என்று மேசையில் ஓங்கி அடித்தேன்.

அண்ணி அதை அவர் மொழியில் சொன்னார். நான் எங்கே குரலை உயர்த்தினேனோ அங்கே உயர்த்தினார். கடைசியில் அவரும் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். தண்ணீர் டம்ளர் உருண்டது. சிரிப்பு சார் அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்கன்னா மொத்தமும்தான்," என்றேன் தொடர்ந்து. "பெர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும் ஏதோ குடுத்துட்டு, கான்ட்ராக்ட் ஆளுங்களை வாசலோட அனுப்பலாம்னு நினைக்காதீங்க. ஒரே மெஷின்லதான் எல்லார் விரலும் குத்துப்பட்டிருக்கு."

மூன்று நாள் இழுத்தது. கடைசியில் மேனேஜர் பேக்கிங் ஹாலில் எல்லோர் முன்னாலும் நின்று, மூடுகிற விஷயத்தைத் தன் வாயால், நம் மொழியில் சொன்னார். அது எங்கள் முதல் நிபந்தனை. வேலை பார்த்த வருஷங்களுக்குத் தகுந்தபடி நஷ்டஈடு, கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து. ஓடு பிடிக்கிற ஹாலில் இருந்தவர்களுக்கு மருத்துவச் செலவு. அதை ஒத்துக்கொண்ட பிறகுதான் மெஷினைத் தொட்டோம். பத்திரிகையில் 'தொழிலாளர்களுக்கு வெற்றி' என்று ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். தொழிற்சாலை இல்லாமல் போனதற்குப் பெயர் வெற்றி என்றால், தோல்விக்கு என்ன பெயர் வைப்பார்களோ.

பயிற்சியைத் தொடர்வது அவரவர் விருப்பம் என்று சங்கத்தில் முடிவாயிற்று. சிலர் கடைசிவரை முடியாது என்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் நெட்டைக்குச் சொல்லிக் கொடுத்தேன். பழைய மாதிரி சிரித்துப் பேசவில்லை, படம் காட்டவில்லை. மூலை மடிப்பு, ஜிப் தையல், நூல் அறுந்தால் என்ன செய்வது, எல்லாம் காட்டினேன். போகிற அன்று அவள் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் அண்ணி இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆர்டர் முடிந்ததும் மெஷின்களைக் கழற்றி மரப்பெட்டிகளில் அடைத்து ஏற்றினார்கள். தரையில் மெஷின் நின்ற இடங்களில் மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது.

ஏஜென்சி அண்ணியை அதன்பிறகு கூப்பிடவில்லை. இரண்டு புகார் போயிருந்தன: மேனேஜர் சொன்னபடி சுருக்கிச் சொல்லவில்லை என்று ஒன்று, மேசையைத் தட்டினார் என்று ஒன்று. கல்லூரி வேலை மட்டும் மிஞ்சியது. நான் ஒரு திரைச்சீலைக் கடையில் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் கூரியர் வண்டி ஓட்டுகிறார், முதுகுவலியோடு வருகிறார். அக்காவோடு பேச்சே இல்லை. அண்ணி கீழே சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டார். நான் தட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைப்பேன்.

ஒரு நாள் நானும் கேட்டுவிட்டேன். "ஒரே ஒரு வார்த்தை, அண்ணி. எங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவன் டிப்போவுக்குப் போயிருப்பான்," என்றார். "மத்தவங்க? அவங்க யாருக்கும் அக்கா மொழிபெயர்ப்பாளரா இல்லையேம்மா. அதையும் நினைச்சேன். கையெழுத்துப் போட்டதையும் நினைச்சேன். பயந்தும்தான் போயிருந்தேன். எது முதல்லன்னு எனக்கே தெரியல. அன்னிக்கு அந்தாளு நன்றின்னு சொல்லி முடிக்கச் சொன்னப்பத்தான், இதுக்கு மேல முடியாதுன்னு ஆச்சு."

கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அவர்மேல் வைத்தால், வைக்க வேண்டியவர்கள் எல்லோரும் தப்பித்துப் போய்விடுகிறார்கள் என்பதும் தெரிந்தது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணி கையில் போனோடு கீழே இறங்கி வந்தார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பிரேக் கம்பியைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டார்.

"நெட்டை பேசி அனுப்பியிருக்கா," என்றார் அண்ணி என்னிடம். "அங்க எல்லாரையும் கான்ட்ராக்ட்டுன்னுதான் எடுத்திருக்காங்களாம். இதுதான் கம்பெனி வழக்கம், முன்னாடி இருந்த இடத்துலயும் யாருக்கும் எதுவும் குடுக்கலைன்னு சொல்றாங்களாம். உண்மையான்னு உன்கிட்டக் கேக்கச் சொன்னா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "குடுக்கலையா? மூணு நாள் கையைக் கட்டிட்டு உக்காந்து வாங்கினோமே! போனைக் குடுங்க அண்ணி, இல்ல, நீங்களே சொல்லுங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. பெண்களுக்கு மதியம் இடைவேளை தனியா உண்டுன்னு சொல்லுங்க. ஊசி குத்தினா கம்பெனி டாக்டர்தான் பார்க்கணும். எல்லாத்தையும் ஆரம்பத்துலயே எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க. பெரிய ஆர்டர் வர்ற நேரத்துல கேக்கணும், ஆர்டர் போனப்புறம் கேட்டா நாய்கூடத் திரும்பிப் பார்க்காதுன்னு சொல்லுங்க."

அண்ணி போனில் குரல் பதிகிற பொத்தானை அழுத்திக்கொண்டு அந்த மொழியில் சொல்லத் தொடங்கினார். நான் சொல்லச் சொல்ல, அவர் குரலும் என்னைப்போலவே ஏறியது.

வாசலிலிருந்து ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஓடு பிடிக்கிற ஹால்ல புகை போக வழி இருக்கான்னு கேளுக்கா," என்றார். "இல்லேன்னா மெஷினை ஓட்டவே கூடாதுன்னு சொல்லு. நாங்க அதைக் கேட்டு வாங்கறதுக்குள்ள எத்தனை பேர் இருமிட்டிருந்தாங்கன்னு சொல்லு. சக்கரம் அழுத்தற மெஷினுக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி உண்டு, வேகம் குறையுதுன்னு அதைக் கழட்டச் சொல்வான் சூப்பர்வைசர். கழட்ட விடக்கூடாது. விரல் போயிடும். அப்புறம்..."

"மெதுவாடா," என்றார் அண்ணி, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல். "நான் ஒவ்வொண்ணா சொல்லணும்ல."

அவர் அக்காவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.